வெளியிலிருந்து பார்த்த அளவில்

ஓசூர்
12.06.2024

திருமதி சுமலதா கோவிந்தப்பன் அவர்களுக்கு,

வணக்கம். நான் வெஸ்லின், கட்டட மதிப்பீட்டாளர். சூளகிரி பேரிகை சாலையில் நீங்கள் குடியிருக்கும் வீடு உங்களுக்கும் உங்கள் கணவரின் அண்ணன் திரு. நாராயணப்பனுக்கும் சரிபாதி என்று தீர்ப்பாகிவிட்டது. அதன் விலை என்ன என்று சொல்வதற்கு நீதிமன்றம் என்னை நியமித்திருக்கிறது. நான் சொல்லும் விலையில் பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டால் வீடு உங்களுடையது. கொடுக்க முடியாவிட்டால் ஏலத்துக்குப் போகும்.

இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் கேட் பூட்டியிருந்தது. முதல் முறை நீங்கள் உள்ளேதான் இருந்தீர்கள். குக்கர் விசில் கேட்டது. என்னை வங்கி வசூல்காரன் என்று நினைத்த எதிர்வீட்டுக்காரர், "அந்தம்மா ஒருத்தர்கிட்டயும் கை நீட்டுனது இல்லீங்கோ, போங்க" என்று விரட்டாத குறையாக அனுப்பினார்.

போலீஸ் துணையோடு பூட்டைத் திறக்க உத்தரவு கேட்கலாம் என்று திரு. நாராயணப்பனிடம் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார். எனவே கேட்டுக்கு வெளியே நின்று பார்த்ததை வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். வெளியே எப்படியோ உள்ளேயும் அப்படி என்று எடுத்துக்கொள்வது எங்கள் தொழில் வழக்கம். சுவர்கள் பூச்சோடு நிற்கின்றன, வண்ணம் இல்லை, பராமரிப்பின்றி உள்ளன. ஆகவே உள்ளே சிமெண்ட் தரை, சாதாரண மரக்கதவு என்று கொண்டேன். வெளிப்புறம் மாடிக்குப் போகும் படிகள் அளவுப் பிழையுடையவை: வழக்கமான ஏழு அங்குலத்துக்குப் பதில் ஐந்துதான் இருக்கும்போல் தெரிகிறது, அதனால் இடம் வீணாகியிருக்கிறது. மின்மீட்டர் இரண்டு இருப்பதால் மேல்மாடி வாடகைக்கு விடப்பட்டிருப்பதாகக் கருதுகிறேன்.

இதில் தவறு இருந்தால் எழுத்தில் தெரிவிக்கவும். நான் யாரோடும் போனில் பேசுவதில்லை. ஒரு தரப்பு எழுதுவதன் நகல் மறு தரப்புக்கு அனுப்பப்படும்.

இப்படிக்கு,
வெஸ்லின்

---

சூளகிரி
20.06.2024

சார்,

உங்கள் கடிதம் கிடைத்தது. குக்கர் விசில்வரை கேட்டிருக்கிறீர்கள். அதற்கு மேல் உள்ளே வந்து என்ன பார்க்கப்போகிறீர்கள்?

உங்கள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் தனியாக வருவதாக இருந்தால் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்புவேன். ஆனால் பார்வையிடும்போது இரண்டு தரப்பும் கூட இருக்கவேண்டும் என்று வக்கீல் சொல்கிறார். என் மூத்தார் இந்த நிலைப்படியைத் தாண்டக்கூடாது. அது என்னுடைய சட்டம்.

என் கணவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. நாங்கள் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தோம், அவர் பின்பக்கம் ஓர் ஆளை நிறுத்தி டேப் பிடித்து மனையை அளந்துகொண்டிருந்தார். என் அண்ணன் போய்க் கேட்டதற்கு, "அளந்து வச்சிக்கிறேன், அப்பறம் பேச்சு வரக்கூடாது இல்ல" என்றாராம். சாப்பிடாமல் போய்விட்டார். மனை மாமனார் பெயரில் இருந்தது உண்மைதான். அதில் வீடு நின்றது யாரால் என்பதற்கு எங்களிடம் ரசீது இல்லை. சில்லறை சில்லறையாக வாங்கிக் கட்டியதற்கு யார் ரசீது கொடுப்பார்கள்?

நான் எழுத வந்தது வேறு. பராமரிப்பின்றி என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிச்சுவருக்கு என் கணவர் வண்ணம் அடிக்கவில்லை. "ரோட்ல போறவன் பாக்கறதுக்கு நான் எதுக்குடி செலவு பண்ணணும்?" என்பார். உள்ளே சிமெண்ட் தரை என்பது பொய். கிரானைட். பாலிஷ் போடும் கம்பெனிகளில் வெட்டியது போக ஓரமாகக் குவித்து வைத்திருப்பார்களே, அந்தத் துண்டுகளைச் சனிக்கிழமை சனிக்கிழமையாகப் பொறுக்கிக் கொண்டுவந்தார். கறுப்பு, சாம்பல், சிவப்பு எல்லாம் கலந்து இருக்கும். ஒன்றுக்குப் பக்கத்தில் எது வரும் என்று தரையில் பரப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போவார், வந்து மாற்றி வைப்பார். சேரும் இடத்தில் பிளேடுகூட இறங்காது. கம்பெனி டூல் ரூமில் நூலளவு பிசகாமல் வேலை பார்த்த கை.

அதைச் சிமெண்ட் என்று கோர்ட்டில் எழுதி வைக்காதீர்கள்.

சுமலதா

---

ஓசூர்
27.06.2024

திருமதி சுமலதா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் நகலைத் திரு. நாராயணப்பனுக்கு அனுப்பினேன். அவர் தரப்பில் மறுப்பு இல்லை. ஒருவர் சொல்லி மற்றவர் மறுக்காததை நான் பார்க்காமலேயே சேர்த்துக்கொள்ளலாம். எனவே தரை கிரானைட் என்று திருத்தியிருக்கிறேன். பராமரிப்பு என்ற வரியையும் எடுத்துவிட்டேன். இதனால் வீட்டின் விலை கூடியிருக்கிறது என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். நன்றாக ஒருமுறை படித்துக்கொள்ளவும்: கூடியிருக்கிறது.

மேல்மாடிக்கு வாடகை என்ன வருகிறது என்று மட்டும் தெரிவித்தால் போதும். சூளகிரியில் புதுக் கம்பெனிகள் வந்தபிறகு வேலைக்கு வரும் பையன்கள் மாடி அறைகளுக்கு அலைகிறார்கள். உங்களுடையது காலியாக இருக்க வாய்ப்பில்லை.

வேறு திருத்தம் இல்லையென்றால் இத்தோடு முடித்துக்கொள்ளலாம். முடித்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது என்பது என் கருத்து.

வெஸ்லின்

---

சூளகிரி
06.07.2024

சார்,

மேல்மாடிக்கு வாடகை வரவில்லை. யாருக்கும் விட்டதில்லை. அந்த மீட்டர் வைத்த நாளிலிருந்து ஓடியதில்லை. கணக்கெடுக்க வரும் ஆள் ஒவ்வொரு முறையும் அதைத் தட்டிப் பார்க்கிறார், கெட்டுப்போய்விட்டதோ என்று. கெடவில்லை.

சாதாரண மரக்கதவு என்றும் எழுதியிருந்தீர்கள், போன தடவை கோபத்தில் அதை விட்டுவிட்டேன். வெளிநாட்டிலிருந்து மிஷின் வரும் பெட்டிகளின் பலகை அது. கம்பெனியில் ஏலம் விட்டபோது என் கணவர் எடுத்து, இழைத்து, தானே கதவு செய்தார். வெயிலுக்கும் மழைக்கும் ஒரு கதவுகூட உப்பியதில்லை. எங்கள் படுக்கையறைக் கதவின் உள்பக்கம் பெட்டியில் இருந்த எழுத்து இன்னும் லேசாகத் தெரியும். அம்புக்குறி போட்டு, இந்தப் பக்கம் மேலே இருக்கட்டும் என்று. அதை இழைக்காமல் விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சமையல் மேடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற வீடுகளைவிடத் தாழ்வாக இருக்கும். நான் குட்டை. வாங்குகிறவர்களுக்கு அது குறை என்றால் குறை என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அவர் போனது கம்பெனி பஸ்ஸில். முதல் ஷிப்ட் முடிந்து வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே. சூளகிரி ஸ்டாப் வந்தும் இறங்கவில்லை. அசந்து தூங்குகிறார் என்று டிரைவர் ஹாரன் அடித்தாராம். எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையது மாதிரியே இருக்காதே, கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருக்கிறது. சமைக்கிறேன், துவைக்கிறேன். தரைக் கல்லைத் தினமும் துடைக்கிறேன். இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதியதை அடிக்கவும் மனமில்லை. இதற்கும் நகல் அனுப்புவீர்கள்தானே? அனுப்புங்கள்.

சுமலதா

---

ஓசூர்
11.07.2024

சுமலதா அம்மா,

இந்தக் கடிதத்துக்கு நகல் இல்லை. படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். பத்தொன்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு தரப்புக்கு மட்டும் எழுதுவது இதுதான் முதல் முறை. தெரிந்தால் என் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். என் மனைவி லிபியாவிடம்கூடச் சொல்லவில்லை.

தயவுசெய்து எனக்கு எழுதுவதை நிறுத்துங்கள்.

உங்களிடம் வேப்பனப்பள்ளியில் தாய்வீட்டுச் சீராக வந்த மாந்தோப்பு இருப்பது வழக்குக் காகிதங்களில் இருக்கிறது. அதைவிட்டால் வேறு கையிருப்பு இல்லை. நான் முதலில் கேட்டில் நின்று எழுதிய வரைவு அப்படியே போயிருந்தால், தோப்பை விற்று அண்ணன் பாகத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் நிம்மதியாக அந்த வீட்டில் இருந்திருக்கலாம். நான் தப்பாகப் பார்த்தது உங்களுக்கு நல்லதாக முடிந்திருக்கும். நீங்கள் விடமாட்டேன் என்கிறீர்கள். தரைக்கு ஒரு கடிதம், கதவுக்கு ஒரு கடிதம். ஒவ்வொரு கடிதத்திலும் வீட்டின் விலையை நீங்களே ஏற்றிவிடுகிறீர்கள். அவர் தரப்பு ஏன் மறுக்கப் போகிறது? இந்தக் கதவோடு நின்றால் தோப்பு ஏதோ இழுத்துப் பிடித்தாவது கட்டும். இன்னும் ஒன்று எழுதினால் கட்டாது.

உங்களுக்குச் சாதகமாக ஒரு வரி பொய் எழுத என்னால் முடியாது. ஆனால் சொல்லாததை எழுதாமல் இருக்க முடியும். அந்த அளவுக்குத்தான் எனக்கு இடம் இருக்கிறது. அதைக் கொடுங்கள்.

வெஸ்லின்

---

சூளகிரி
18.07.2024

சார்,

உங்கள் கடிதத்தை இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். நீங்களே கிழித்துவிடுங்கள். என் வீட்டில் இருந்து யார் கையிலாவது சிக்கி உங்களுக்குக் கெட்ட பெயர் வரவேண்டாம். இந்தத் தாளில் இருப்பது உங்களுக்கு மட்டும். அடுத்த தாளில் இருப்பதற்கு வழக்கம்போல நகல் அனுப்புங்கள்.

தோப்பு என்ன விலை போகும் என்று எனக்கும் தெரியும். தரகர் கோவிந்தராஜுலு வாரம் ஒருமுறை வந்து கேட்டுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போகிறார். விலை ஏறும் என்று தெரிந்துதான் எழுதினேன். நீங்கள் எனக்குப் புத்தி மட்டு என்று நினைத்துவிட்டீர்கள், பரவாயில்லை.

முதல் கடிதத்தில் நகல் போகும் என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். நான் நேரில் போனால் என் மூத்தார் முகம் பார்க்கமாட்டார். போன் எடுக்கமாட்டார். கோர்ட் வழியாக வந்தால் படித்துத்தான் ஆகவேண்டும். தம்பி என்ன கட்டினான் என்று பதினான்கு வருடமாக வந்து பார்க்காதவர், டேப்பில் அளந்தால் போதும் என்று நினைத்தவர், ஒவ்வொரு அறையாகப் படிக்கட்டும். வெட்கப்படட்டும். அதற்கு நான் வீட்டை விலையாகக் கொடுக்கிறேன். சிமெண்ட் தரை என்று எழுதி வாங்கிய வீட்டில் நான் மட்டும் குடியிருந்து என்ன செய்ய? அது என் கணவர் கட்டிய வீடாக இருக்காது.

(இந்தத் தாளுக்கு நகல் அனுப்பவும்.)

சார், படிகள் அளவுப் பிழையுடையவை என்று எழுதியிருக்கிறீர்கள். பிழை இல்லை.

கிரகப்பிரவேசப் பத்திரிகையில் என் அப்பா பெயர் மேலேயும் என் மூத்தார் பெயர் கீழேயும் அச்சாகிவிட்டது. அச்சகத்துக்காரர் செய்தது. மூத்தவனுக்கு மரியாதை இல்லாத வீட்டில் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று அவர் பத்திரிகையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்போது மேல்மாடி கிடையாது. அதற்குப் பிறகுதான் என் கணவர் மேலே கட்ட ஆரம்பித்தார், ஆறு வருடம் கட்டினார். வாடகைக்கு விடலாம் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். "அது அண்ணனோடது. வயசான காலத்துல எங்க போவான், இங்கதான் வருவான்" என்பார்.

என் மூத்தாருக்கு டிராக்டர் ஏறி வலது முட்டி மடங்காது. காலை உயரத் தூக்க முடியாது. அதனால்தான் படி ஐந்து அங்குலம். கைப்பிடி இடது பக்கம் மட்டும். படி வெளியே இருப்பதும் அதற்காகத்தான். என்னோடு பேச்சு இல்லாவிட்டாலும், என் வீட்டுக்குள் வராமலேயே அவர் மேலே போகலாம், வரலாம். மேலே கக்கூஸ் உட்காருவதற்கு நாற்காலி மாதிரி வைத்திருக்கிறது. ஜன்னல் மலைப் பக்கம்.

இதைத் திருத்தி எழுதுங்கள். விலை எவ்வளவு வேண்டுமானாலும் ஏறட்டும்.

சுமலதா

---

ஓசூர்
09.08.2024

சுமலதா அம்மா,

அறிக்கையை நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டேன். விலை உங்கள் தோப்புக்கு எட்டாது. நீங்கள் கேட்டபடியே எல்லாவற்றையும் எழுதினேன். படிகளைப் பற்றி, பயன்படுத்துபவரின் உடல்நிலைக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை என்று மாற்றியிருக்கிறேன். பார்க்காத வீட்டைப் பற்றி இவ்வளவு நீளமாக நான் எழுதியது இல்லை. கோர்ட் குமாஸ்தா சௌந்தரராஜன் புரட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள போகலைன்னு சொன்னீங்க, குடியிருந்துட்டு வந்த மாதிரி எழுதியிருக்கீங்களே" என்றார்.

உங்களுக்காக வருந்துகிறேன். கோபமும் இருக்கிறது. காப்பாற்ற ஒரு வழி இருந்தது, நீங்கள் அதை மடித்து உறையில் வைத்துத் திருப்பி அனுப்பினீர்கள்.

ஒன்று சொல்லவேண்டும். அறிக்கை கொடுத்த மறுநாள் திரு. நாராயணப்பன் என் அலுவலகத்துக்கு வந்தார். உரக்கடைப் பையில் உங்கள் கடிதங்களின் நகல்கள் எல்லாம் இருந்தன. மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தன. விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"படி அஞ்சு அங்குலம்னு போட்டிருக்கீங்கோ. அளந்தீங்களா?"

"இல்லை ஐயா. கேட்டுக்கு வெளியே நின்று கணித்தது."

"அப்போ தப்பாவும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"தப்பா இருந்தா தேவலை" என்றார்.

என் அலுவலகம் மாடியில், செல்போன் கடைக்கு மேல். இந்தப் படி எவ்வளவு என்று கேட்டார். ஏழு என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொன்றாக இறங்கினார். பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

இதை உங்களுக்கு எழுதுவது முறைதானா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

வெஸ்லின்

---

சூளகிரி
22.09.2024

சார்,

வீடு ஏலத்துக்குப் போகவில்லை. உங்களுக்கு ஆர்டர் நகல் வர நாளாகும் என்று வக்கீல் சொன்னதால் நானே எழுதுகிறேன்.

போன மாதக் கடைசியில் என் மூத்தார் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையில் டேப் இல்லை. கூப்பிடவில்லை, மணி அடிக்கவில்லை, வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். எதிர்வீட்டுக்காரர் வந்து பேச்சுக் கொடுத்தார், இவர் மாடிப்படியைவிட்டுக் கண் எடுக்கவில்லை. நான் மேல்மாடிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டைத் திறந்தேன். நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

அவர் படியேறுவதைச் சமையலறையில் இருந்தே கேட்டேன். நடுவில் நிற்கவே இல்லை. ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம் இறங்கி வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்க்காமல், "ஜன்னலாண்ட ஒரு எடத்துல ஒழுவுது. ஆளக் கூட்டியாந்து பாக்கறேன்" என்றார். "சரிங்க மாமா" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

அடுத்த வாய்தாவில் விலையும் வேண்டாம் ஏலமும் வேண்டாம், மேலே அவருக்கு, கீழே எனக்கு என்று அவர் வக்கீல் எழுதிக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். உங்கள் அறிக்கையை அன்று யாரும் பிரிக்கவே இல்லை, சார். அவ்வளவு எழுதினீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் எனக்கு நல்லகாலம் என்கிறார்கள். தோப்பும் மிஞ்சியது, வீடும் மிஞ்சியது. எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. இனி இருக்கிற காலம் முழுவதும் அவர் நடக்கும் சத்தம் என் தலைக்கு மேல் கேட்கும். பந்தி அன்று டேப் பிடித்ததை நான் மறக்கப்போவதில்லை. அவரை வெட்கப்பட வைக்கத்தான் எழுதினேன். அவரோ குடிவரச் சொல்லி எழுதியதாகப் படித்துக்கொண்டார். என் கணவர் இருந்திருந்தால் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

நேற்று ஒழுகலைச் சரிசெய்ய ஆளோடு வந்தார். வேலை முடிந்து ஆள் போய்விட்டார், இவர் மேலேயே இருந்துவிட்டார். நான் கேட்டைப் பூட்டப் போனேன். அங்கேதான் இரண்டு மீட்டரும் இருக்கின்றன, நீங்கள் பார்த்தீர்களே. மேல்மாடி மீட்டரில் சின்னதாகச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. ஃபேன் போட்டிருக்கிறார்போல.

பல்லுக்குப் போட்ட ஊசியின் மரப்பு விடும்போது முதலில் வலிதான் தெரியும், சார். அங்கேயே மீட்டர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேலே ஆள் இருக்கிறதே, இறங்கிப் போக வேண்டுமே என்று கேட்டைப் பூட்டாமல் உள்ளே வந்தேன். இந்தப் பக்கம் வந்தால் நீங்களும் வாருங்கள். தரையைப் பாருங்கள், காப்பி தருகிறேன்.

சுமலதா